ஆயிரம் டாலர் என்கிற தப்புக் கணக்கு

போன மாதம் அக்கா பையன் போன் பண்ணினான். கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து கடைகளுக்கு வெப்சைட், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாம் செய்து கொடுக்கிறான். "மாமா, காலேஜை விட்டுடலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றான். ஏன்டா என்று கேட்டால், "மைக்கேல் டெல் ஹாஸ்டல் ரூம்ல ஆயிரம் டாலரோட ஆரம்பிச்சார் மாமா. முதல் வருஷத்தோட காலேஜை விட்டுட்டார். எனக்கு அந்த வயசே தாண்டிடுச்சு" என்கிறான்.

சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. இதே வசனத்தை 1999-ல் நானும் சொல்லியிருக்கிறேன். அதன் விலை என்ன என்று பிறகு சொல்கிறேன்.

உடனே பதில் சொல்லவில்லை. டெல் எழுதிய இரண்டு புத்தகங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். 1999-ல் வந்த 'டைரக்ட் ஃப்ரம் டெல்' ஒன்று. 2021-ல் வந்த 'ப்ளே நைஸ் பட் வின்' இன்னொன்று. முதலாவது, கம்பெனி உச்சத்தில் இருந்தபோது எழுதிய நிர்வாகப் புத்தகம். இரண்டாவது, 2013-ல் கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து வெளியே எடுத்த கதையையும், பழைய ஹாஸ்டல் கதையையும் மாற்றி மாற்றிச் சொல்லும் சுயசரிதை. இந்தக் குறிப்பு அந்த ஹாஸ்டல் கதையைப் பற்றி மட்டும்தான். பையன்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பது அதைத்தானே.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகங்களில் பொய் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாத் தகவலும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்த எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார்கள், எதை மெதுவாகச் சொல்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. சத்தமாகக் கேட்கும் எண் ஆயிரம். கவனிக்க வேண்டிய எண் வேறு.

அந்த ஆயிரம் எதற்கு?

கதைச் சுருக்கம் இது. டெல் 1983-ல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேருகிறார். அப்பா பல் சீரமைப்பு மருத்துவர், அம்மா பங்குத் தரகர். மகன் டாக்டராக வேண்டும் என்பது வீட்டின் ஆசை. நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது, இல்லையா? டோபி சென்டர் என்ற விடுதியில் 2713-ஆம் எண் அறை. அங்கே உட்கார்ந்துகொண்டு ஐபிஎம் கம்ப்யூட்டர்களை வாங்கி, கூடுதல் மெமரியும் ஹார்ட் டிஸ்க்கும் பொருத்தி, விலை ஏற்றி விற்கிறார். நவம்பரில் அப்பாவும் அம்மாவும் திடீரென்று ஆஸ்டின் வந்து இறங்கிவிடுகிறார்கள். இவர் பெட்டிகளையெல்லாம் ரூம்மேட்டின் குளியல் தொட்டியில் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார். "இனிமேல் படிப்பு மட்டும்தான்" என்று வீட்டில் வாக்குக் கொடுத்தும், அது நிலைக்கவில்லை. 1984 ஜனவரியில் 'பிசிஸ் லிமிடெட்' என்ற பெயரைப் பதிவு செய்கிறார். மே மாதம், முதல் வருஷம் முடிகிற சமயத்தில், அது 'டெல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன்' ஆகிறது. போட்ட மூலதனம் ஆயிரம் டாலர்.

அந்த ஆயிரம் டாலர் எங்கிருந்து வந்த எண்? கார்ப்பரேஷன் பதிவு செய்ய டெக்சாஸ் சட்டம் கேட்ட குறைந்தபட்சத் தொகை அது. அவ்வளவுதான். அதில் சரக்கு வாங்கவில்லை, யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. நம் நாட்டில் பிரைவேட் லிமிடெட் தொடங்க 1 லட்சம் ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2015-ல் எடுத்துவிட்டார்கள். யாராவது "நான் ஒரு லட்ச ரூபாயில் கம்பெனி ஆரம்பித்தேன்" என்று சொன்னால், அது தொழில் நடத்திய பணமா, ஆடிட்டர் பாரத்தில் எழுதிய பணமா என்று கேட்போம் அல்லவா? டெல்லிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

உண்மையில் பார்க்க வேண்டிய எண், அந்தப் பதிவுக்கு முந்தைய மாதங்களின் விற்பனை. மாதம் 50,000 முதல் 80,000 டாலர் வரை விற்றுக்கொண்டிருந்ததாக அவரே எழுதுகிறார். 1984-ல், ஒரு முதலாண்டு மாணவன்! அப்படியானால் அவர் தொழில் தொடங்குவதற்காகக் காலேஜை விடவில்லை. ஓடிக்கொண்டிருந்த தொழில் இனி வகுப்புக்கு நேரம் விடாது என்ற நிலை வந்த பிறகு விட்டார். இந்த வரிசை மாறினால் கதையே மாறிவிடும். நம் பையன்கள் மாற்றித்தான் படிக்கிறார்கள்: முதலில் காலேஜை விடணும், அப்புறம் தொழில் தானாக வரும் என்று.

ஐபிஎம் திறந்து வைத்த கதவு

அடுத்த கேள்வி, கையில் பணமில்லாத பையனுக்கு அவ்வளவு சரக்கு எப்படிக் கிடைத்தது? இதற்கும் பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. ஐபிஎம் தன் டீலர்களுக்கு மாதக் கோட்டா வைத்திருந்தது. விற்குமோ விற்காதோ, இத்தனை பெட்டி எடுத்தாக வேண்டும். மிஞ்சிய பெட்டிகளில் பணம் முடங்குவதைவிட, அசல் விலைக்கே தள்ளிவிடுவது டீலருக்கு லாபம். டெல் அதை வாங்கினார். ஐபிஎம் பார்வையில் இது கொல்லைப்புறச் சந்தை. டெல்லுக்கோ அதுதான் கிடங்கு, அதுவும் வாடகை இல்லாத கிடங்கு.

இன்னொன்று. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி, வெளியில் கிடைக்கும் உதிரி பாகங்களால் கட்டப்பட்டது. பிராசசர் இன்டெல்லுடையது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் மைக்ரோசாஃப்டுடையது. மூடியைத் திறந்து, ஒரு கார்டைச் சொருகி, மூடிவிடலாம். டெல் சிறு வயதிலேயே ஒரு பிசியைப் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார். கடையில் 3,000 டாலருக்கு விற்கும் பெட்டிக்குள் இருக்கும் பாகங்களின் விலை 600, 700 டாலர்தான். டீலர் அதை 2,000 டாலர் அளவில் வாங்கி, ஆயிரம் டாலர் வைத்து விற்கிறார். ஆனால் வாங்கியவர் சந்தேகம் கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. இந்த ஓட்டையைக் கண்ணால் பார்த்தது டெல்லின் சாமர்த்தியம். மறுக்கவே இல்லை. ஆனால் ஓட்டையைப் போட்டது அவர் இல்லை.

அவர் சொந்த ஊரான ஹூஸ்டனிலேயே, 1982-ல், காம்பேக் என்ற கம்பெனி ஐபிஎம்முக்கு இணக்கமான கம்ப்யூட்டரைச் செய்ய ஆரம்பித்தது. 1983-ல் மட்டும் அதன் விற்பனை 11 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டுதான் டெல் காலேஜுக்குள் நுழைகிறார். சந்தை எந்தப் பக்கம் போகிறது என்பது ஊரே பார்க்கிற மாதிரி இருந்தது.

முதல் புத்தகத்தின் மேல் என் பெரிய புகார் இங்கேதான். தொழில் பிறந்த கதையைச் சொல்லும்போது அது ஜாதகம் எழுத ஆரம்பித்துவிடுகிறது. 8 வயதில் தபால் மூலம் ஹைஸ்கூல் டிப்ளமோ வாங்க விண்ணப்பம் போட்டாராம். 12 வயதில் ஏலக்காரரைத் தவிர்த்துவிட்டு, தானே கேட்டலாக் அடித்துத் தபால்தலை விற்று 2,000 டாலர் பார்த்தாராம். பத்திரிகைச் சந்தா பிடிக்க, புதுசாகக் கல்யாணம் ஆனவர்களின் பட்டியலை அரசு அலுவலகத்தில் எடுத்து, ஒரே வருஷத்தில் 18,000 டாலர் சம்பாதித்தாராம். எல்லாம் சுவாரஸ்யம்தான். ஆனால் 'இடைத்தரகர் இல்லாத நேரடி விற்பனை' என்பது அவர் ரத்தத்திலேயே ஊறியிருந்த குணம் என்று நம்ப வைக்கத்தான் இந்த வரிசை. கோட்டா பற்றியும், திறந்த வடிவமைப்பு பற்றியும் சொல்லும் பக்கங்கள் இந்தப் பிள்ளைப்பிராயத்துக் கதைகளுக்கு முன்னால் எடுபடுவதே இல்லை. படித்து முடித்த பையன் "சந்தையில் எந்த ஓட்டை இருக்கிறது?" என்று தேடுவதில்லை. "எனக்கு அந்தக் குணம் இருக்கிறதா?" என்று கண்ணாடியைப் பார்க்கிறான்.

அந்த 18,000 டாலரையும் கொஞ்சம் கவனியுங்கள். அந்தப் பணத்தில் பிஎம்டபிள்யூ கார் வாங்கி, பின் சீட்டில் மூன்று கம்ப்யூட்டர்களைப் போட்டுக்கொண்டுதான் காலேஜுக்கே போகிறார். உழைத்துச் சம்பாதித்ததுதான், தப்பில்லை. ஆனால் 18 வயதில் சம்பாதித்ததை முழுசாகத் தனக்கே செலவழிக்க முடிகிற வீடு எத்தனை பேருக்கு இருக்கிறது? தங்கச்சி ஃபீஸ், அப்பா மருந்து என்று எதற்கும் போகாத 18,000 டாலர் அது. 'ஆயிரம்' கதையில் இது வருவதே இல்லை.

அதே காலம், அதே கதை, வேறு முடிவு

"சரி மாமா, சூழ்நிலை எல்லாருக்கும்தானே இருந்தது, ஜெயிச்சது அவர்தானே" என்று பையன் கேட்பான். கேட்டும் விட்டான்.

அவனுக்கு நான் சொன்னது கேட்வே கதை. 1985-ல் டெட் வெயிட் என்பவர் அயோவா பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு, அப்பாவின் மாட்டுப் பண்ணையில், பாட்டி ஜாமீன் நின்ற 10,000 டாலர் கடனில், நண்பரோடு சேர்ந்து ஆரம்பித்தது. அதுவும் தபாலிலும் போனிலும் நேரடி விற்பனைதான். கறுப்பு வெள்ளை மாட்டுப் புள்ளி போட்ட அட்டைப் பெட்டி அமெரிக்கா முழுக்கப் பிரபலம். ஒரு காலத்தில் டெல்லுக்குச் சரியான போட்டி. 2007-ல் அதை தைவானின் ஏசர் 71 கோடி டாலருக்கு வாங்கியது. காம்பேக்கை 2002-லேயே எச்பி விழுங்கிவிட்டது. வெயிட்டிடம் துணிச்சல் குறைவா, காம்பேக்கிடம் மூளை குறைவா? அவர்களாவது பெயர் மிஞ்சியவர்கள். அந்தக் கால அமெரிக்கக் கம்ப்யூட்டர் இதழ்களில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்த எத்தனையோ குளோன் கம்பெனிகளுக்கு அதுவும் இல்லை. ஹாஸ்டல் அறையில் கடையைச் சாத்தியவர்களின் புத்தகத்தை எந்தப் பதிப்பகமும் போடுவதில்லை.

என் 1999

இப்போது என் விலை.

மதுரையில் படித்துக்கொண்டிருந்தோம். மூன்று நண்பர்கள். அசெம்பிள்டு கம்ப்யூட்டர் காலம் அது. ராத்திரி பஸ் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், மதர்போர்டு, ரேம், கேபினட் எல்லாம் பை நிறைய வாங்கி, மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்புவோம். அறையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தால் பெட்டி ரெடி. டெல் செய்ததும் இதைத்தான் என்று ஒரு பத்திரிகைக் கட்டுரையில் படித்திருந்தேன். அந்தக் கட்டுரையிலும் ஆயிரம் டாலர்தான் பெரிய எழுத்தில் இருந்தது.

செப்டம்பர் ஆரம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர் மூன்று பெட்டி கேட்டார். பெட்டிக்கு 32,000 என்று பேசி, 50,000 அட்வான்ஸ் வாங்கினோம். பெட்டிக்கு 1,500 மிஞ்சும் என்று கணக்கு. மீதிச் செலவுக்கு எங்கள் மூன்று பேர் கையிருப்போடு, ஒரு நண்பனின் அம்மா வளையலும் சங்கிலியும் 25,000 ரூபாய்க்கு அடகுக் கடைக்குப் போயின. ரேமை மட்டும் கடைசி டிரிப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். செப்டம்பர் 21-ஆம் தேதி தைவானில் பெரிய பூகம்பம். அங்கே சிப் தொழிற்சாலைகள் நின்றன, உலகம் முழுக்க மெமரி விலை எகிறியது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எங்களுக்கு வேண்டிய ரேம் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய் கூடிவிட்டது. மூன்று பெட்டிக்கு 6,000. எங்கள் மொத்த லாபமே 4,500தான்.

அதோடு நின்றிருந்தால் 1,500 நஷ்டத்தோடு பாடம் கற்றிருப்போம். பெட்டியைக் கொடுத்த பிறகு வரவேண்டிய 46,000-த்தில், நடையாய் நடந்து 20,000 வாங்கினோம். மீதி 26,000 இன்றுவரை வரவில்லை. எழுதி வாங்கவில்லை, என்ன கேட்க முடியும்? நகையை மீட்க இரண்டு வருஷம் ஆனது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நண்பன்தான் அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை, இப்போதும் பேசுவதில்லை.

இதில் யாருக்கும் குணம் குறைவில்லை. துணிச்சல் நிறையவே இருந்தது. இல்லாதது, பணம் எப்போது வரும், எப்போது போகும் என்ற கணக்கு. டெல்லுக்கும் இதே அடி விழுந்திருக்கிறது. 1989-ல் மெமரி சிப்களை அளவுக்கு மேல் வாங்கிக் குவித்து, விலை சரிந்தபோது மாட்டிக்கொண்டதை முதல் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்தப் பக்கங்கள்தான் அந்தப் புத்தகத்திலேயே நல்ல பக்கங்கள் என்பேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1988-ல், அவர் கம்பெனி பங்கு வெளியிட்டு 3 கோடி டாலர் திரட்டியிருந்தது. விழுந்தால் தாங்க அடியில் மெத்தை இருந்தது. எங்களுக்கு இருந்தது ஒரு அம்மாவின் சங்கிலி. ஒரே தப்பு, ஒரே பொருள், மெமரி. அவருக்கு அது புத்தகத்தில் ஒரு பாடமாக முடிந்தது.

திரும்பி வரும் டிக்கெட்

கடைசியாக, யாருமே சொல்லாத ஒரு விஷயம். டெல் காலேஜை 'உதறித் தள்ளவில்லை'. ஒரு செமஸ்டர் வெளியே இருந்துவிட்டு, படிப்புக்குப் பாதகம் இல்லாமல் திரும்பிச் சேர அந்தப் பல்கலைக்கழகம் அனுமதித்தது. ஓடவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்ற கணக்கோடுதான் போனார். பில் கேட்ஸும் ஹார்வர்டை விட்டுப் போனது முதலில் விடுப்பு எடுத்துத்தான். கதவைச் சாத்திவிட்டுப் போன வீரர்கள் என்று நாம் கொண்டாடுகிறவர்கள், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனவர்கள்.

அக்கா பையன் படிப்பது அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. அந்த விதிகளிலும் 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று ஒன்று இருக்கிறது. முறைப்படி எழுதி அனுமதி வாங்கினால் இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பலாம். திரும்பும்போது அமலில் இருக்கும் ரெகுலேஷன்படி படிக்க வேண்டிவரும், கூடுதல் பாடமும் எழுத வேண்டியிருக்கலாம். சும்மா வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடுவது வேறு, இது வேறு. இதைச் சொன்னதும் அவன் முதலில் கேட்டது, "அப்படி ஒண்ணு இருக்கா மாமா?" ஆயிரம் டாலர் தெரிகிறது, இது தெரியவில்லை. புத்தகத்தின் மேலும், அதைப் பரப்புகிற மேடைப் பேச்சாளர்கள் மேலும் எனக்குள்ள கோபம் இதுதான்.

இந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். படியுங்கள், ஆனால் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கேள்வி எழுதி வையுங்கள். இந்தச் சரக்கு யார் பணத்தில் வந்தது? வாங்கினவர் எப்போது காசு கொடுத்தார்? தோற்றிருந்தால் யார் நகை போயிருக்கும்? டெக்சாஸ் மாநில அரசின் டெண்டர்களில் ஒரு மாணவனால் எப்படிக் குறைந்த விலை கேட்க முடிந்தது என்பதற்குக்கூட (கடை வாடகை இல்லை, ஆள் செலவு இல்லை) பதில் தானாக வந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது. அது குளியல் தொட்டிக் கதையில் இல்லை.

பையனிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கடந்த 6 மாதத்தில் யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள், எவ்வளவு பேசினீர்கள், எவ்வளவு கைக்கு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, மூன்று பேரில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி இருக்கிறதா; ஒரே பேப்பரில் எழுதி அனுப்பு, அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் பேசுகிறேன் என்றேன். நாலு நாள் சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. 11 வாடிக்கையாளர், அதில் முழுப் பணமும் கொடுத்தவர்கள் 4 பேர். கடைசிக் கேள்விக்கு நேராக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தான். கீழே பொடி எழுத்தில், "இதை நாங்க பேசினதே இல்ல மாமா."

அக்காவிடம் இன்னும் பேசவில்லை. அந்த மூன்று பையன்களையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் அந்தக் கோட்டுக்கு மேல் ஏதாவது எழுதட்டும்.